சுண்டிப் பார்க்க முடியாத காசு

ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில், ஒரே அச்சால் அடிக்கப்பட்டு வெளிவந்த இரண்டு வெள்ளி ரூபாய்கள், நூறாண்டுக் காலம் கைமாறிப் புழங்கிய பிறகு ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஒன்று கல்லாப்பெட்டிகளில் உருண்டு, முகப்பிலுள்ள அரசியின் கன்னமும் கூந்தலும் மழுங்கிப் போனதாக இருக்கும், மற்றொன்று துணிமுடிப்பில் கட்டிப் பெட்டியடியில் கிடந்து அச்சடித்த நாளின் ஒளி மாறாததாக இருக்கும். கைப்பேசியோ சட்டையோ இணையத்தில் வாங்கியவர் அது பழுதென்று திருப்பி அனுப்பினால், அதே எண்ணுள்ள வேறொன்றைக் கொடுத்து வணிகர் கணக்கை நேர்செய்துவிடலாம். பழங்காசு விற்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஏனெனில் அவர் விற்றது ஒரு வகையை அன்று, ஒரு தனிப்பொருளை. திரும்பி வரும் காசு தாம் அனுப்பிய அதே காசுதானா, வாங்கியவர் சொல்லும் குறை போகும்போதே இருந்ததா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அவர் ஒவ்வொரு முறையும் புதிதாக விடை காண வேண்டியிருக்கிறது.

நேரில் நடக்கும் வணிகத்தில் இக்கேள்விகளுக்குக் காசு கைமாறுவதற்கு முன்பே விடை கிடைத்துவிடும். காசைக் கல்லில் சுண்டி ஓசை கேட்பது, உள்ளங்கையில் இருத்தி எடையை உணர்வது, வெயிலில் சாய்த்துத் தேய்வைப் பார்ப்பது ஆகியவை பழங்காசுச் சந்தையில் இன்றும் வழக்கில் உள்ளன. நாணயத்தின் தரம் ஆய்ந்து சொல்வோருக்கு வண்ணக்கன் என்று தமிழில் தனிப்பெயரே இருந்தது; சங்கப் புலவர் சிலரின் பெயர்களோடு அச்சொல் ஒட்டியிருப்பதிலிருந்து அத்தொழிலின் பழமையை அறியலாம். இணையவழி விற்பனையில் வாங்குபவரின் கையும் கண்ணும் காதும் விலக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் இரண்டு ஒளிப்படங்களும் நான்கு வரி விவரிப்பும் மட்டுமே நிற்கின்றன. ஆகையால், காசைப் பெற்றுக்கொண்ட பின் சில நாள்களுக்குள் அதைத் திருப்பித் தரும் உரிமை, விற்பவர் மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. முன்பு கடை வாசலில் நடந்த ஆய்வு இப்போது வாங்கியவரின் வீட்டுக்குப் பிந்தித் தள்ளிப்போயிருக்கிறது என்பதே அதன் உண்மையான பொருள்.

இந்தியச் சேகரிப்பாளரிடையே மிகுதியாகக் கைமாறும் காசுகளுள் ஒன்றான ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாயைச் சான்றாகக் கொண்டால் சிக்கலின் தன்மை தெளிவாகும். 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே சீரான ரூபாயைக் கொண்டுவந்தபோது, அதன் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் என்றும், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்றும் வரையறுக்கப்பட்டது. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் உருவம் தாங்கிய ரூபாய்களும் இவ்வளவிலேயே அடிக்கப்பட்டன. 1940இல்தான் வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. எனவே, எவ்வளவு தேய்ந்தாலும் 1940க்கு முந்தைய ரூபாயின் அடிப்படை மதிப்பு அதிலுள்ள ஏறத்தாழ பத்தரை கிராம் வெள்ளியின் விலையாகும். அதற்கு மேல் சேகரிப்பாளர் தரும் விலை முழுவதும் ஆண்டு, நாணயச்சாலை, அச்சு வேறுபாடு, தேயாமை ஆகிய நான்கையும் பொறுத்தது. திருப்பி அனுப்பப்படும் காசுகளில் பெரும்பாலானவை இந்நான்கில் ஏதோ ஒன்றில் எழுந்த கருத்து வேறுபாட்டால் திரும்புபவையே.

அச்சு வேறுபாட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய்கள் அவ்வோராண்டில் மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. அதே ஆண்டெண்ணோடு 1874 வரை அவை வெளிவந்தன. பின்பக்கத்தில் இடப்பட்டுள்ள நுண்ணிய புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டுதான் அவற்றை வகைபிரிக்க முடிகிறது. புள்ளியொன்று கூடினால் விலை மாறக்கூடிய இத்தகைய காசை, பொதுவாக ‘விக்டோரியா 1862’ என்று மட்டும் குறிப்பிட்டு மங்கலான படத்தோடு விற்பவர், வாங்குபவர் தாமே ஏதோ ஓர் அரிய வகையை அதில் கற்பனை செய்துகொள்ள இடங்கொடுத்துவிடுகிறார். கற்பனை பொய்க்கும்போது காசு திரும்பி வருகிறது. இதில் வாங்கியவரைக் குறைசொல்வதற்கில்லை. எத்தனை புள்ளி என்பதை எண்ணிச் சொல்வது விற்பவரின் வேலை.

தேயாமையைப் பற்றிய கருத்து வேறுபாடு இதைவிடச் சிக்கலானது, ஏனெனில் அது எண்ணிச் சொல்லக்கூடியதன்று. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய செப்புச் சதங்களைப் பற்றி 1949இல் வெளியிட்ட நூலில், உருத்தெரியாமல் தேய்ந்த காசுக்கு 1 என்றும் குறையே இல்லாத காசுக்கு 70 என்றும் ஓர் அளவுகோலை வகுத்தார். விலையைக் கணக்கிடுவதற்காகத் தோன்றிய அந்த அளவுகோலே பின்னர் உலகெங்கும் காசின் நிலையைக் குறிக்கும் மொழியாயிற்று. 60 முதல் 70 வரையுள்ள எண்கள் புழக்கத்துக்கே வராத காசுகளுக்கு உரியவை. வணிகர் பேச்சில் அவை ‘யுஎன்சி’ எனப்படும். 63க்கும் 65க்கும் இடையிலுள்ள வேறுபாடு கன்னத்தின்மேல் விழுந்த ஒரு சிறு கீறலாக மட்டுமே இருக்கலாம். ஆனால் விலையில் அது இருமடங்கையும் தாண்டிப் போவதுண்டு. விற்பவரே தம் காசுக்குத் தாமே எண் போடும் வழக்கத்தால் எழுந்த பூசலைத் தீர்ப்பதற்காக, அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. ஆகிய நிறுவனங்கள் தோன்றின. விற்பவர், வாங்குபவர் என்னும் இருவருக்கும் அயலான மூன்றாமவராக நின்று காசை ஆய்ந்து, தரத்தை அறிவித்து, திறந்தால் அடையாளம் தெரியும்படி ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அதை வைத்து, ஒரு சான்றெண்ணோடு தருவது இவற்றின் பணி. ‘ஸ்லாப்’ எனப்படும் அவ்வுறையிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். உறையையே போலியாகச் செய்வோரும் தோன்றிவிட்டமையால், எண்ணை மட்டுமன்றித் தளத்தில் படம் இருப்பின் காசையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆயினும் சில நூறு ரூபாய்க்கு விற்கும் காசுக்கு அத்தனை செலவு கட்டுப்படியாகாது. சந்தையில் புழங்கும் காசுகளில் மிகப் பல உறை காணாதவையே.

தமிழ்நாட்டு வீடுகளிலிருந்து வெளிவரும் காசுகளுக்கென்று தனியாக இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, விளக்கப்பட்டிருப்பது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோலவே பூசையறைக் காசையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நெடுங்காலப் பழக்கம். அன்போடு செய்யப்படும் அச்செயல் காசின் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்களை ஏற்படுத்தி, அச்சடிக்கும்போது உலோகம் ஓடிப் பரவியதால் உண்டான இயற்கையான ஒளியை அழித்துவிடுகிறது. பளிச்சென்று தெரிவதால் புதியதென்று விற்பவரும் நம்பி விவரிப்பார். வாங்கியவர் விளக்கொளியில் காசைச் சுழற்றிப் பார்த்ததும் உண்மை தெரிந்துவிடும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து காலப்போக்கில் கறுப்பதும் நீலமும் பொன்னிறமும் ஏறுவதும் குறையன்று, அதைச் சேகரிப்பாளர் விரும்பித் தேடுகின்றனர் என்பதைக் காசு விற்க முனையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றொன்று, வளையம். காசுமாலையில் கோப்பதற்காக விளிம்பில் வளையம் பற்றவைத்து, பின்னர் விற்பதற்காக அதை அகற்றி அராவிய ரூபாய்கள் ஏராளமாக உள்ளன. நேர்முகமாக எடுத்த படங்களில் அத்தழும்பு தெரியாது; விளிம்பைத் தனியாகப் படமெடுத்தால் மட்டுமே தெரியும். விளிம்பின் படம் இல்லாத விற்பனை அறிவிப்பு அரைகுறையானது என்று கொள்வதில் தவறில்லை.

போலிகளைப் பொறுத்தவரை, விற்பவர் தாமே செய்துகொள்ளத்தக்க எளிய சோதனைகள் இருக்கின்றன. 11.66 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி ரூபாயின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 10.3 மடங்கு. நீருள்ள குவளையைத் தராசில் வைத்து எடையைச் சுழியாக்கிக்கொண்டு, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலும் பக்கத்திலும் படாமல் மூழ்கவிட்டால், தராசு சுமார் 1.13 கிராம் காட்ட வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்து அதே எடைக்குச் செய்த போலியாயின் 1.3 கிராமுக்கு மேல் காட்டும். இச்சோதனை உலோகத்தைச் சொல்லுமேயன்றி அச்சைச் சொல்லாது. 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரியதாகவும், அதற்கு முந்தைய ஆண்டின் ரூபாய் எளிதில் கிடைப்பதாகவும் இருப்பதால், நல்ல வெள்ளிக்காசிலேயே ஆண்டின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றும் வேலை நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியும் பழகிய கண்ணும் வேண்டும். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் இவ்வாறே கவனத்துக்குரியது. அரசரின் ஆடைமேல் தொங்கும் ஆரத்திலுள்ள யானை பன்றிபோலத் தோன்றுகிறது என்று மக்களிடையே மனவருத்தம் எழுந்ததால் அக்காசு திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு யானையின் உருவம் திருத்தப்பட்டது. ‘பன்றி ரூபாய்’ என்னும் பெயருக்காகவே தேடப்படும் அதன் துதிக்கைப் பகுதியைத் தெளிவாகக் காட்டாத படம் எதையும் நிறுவுவதில்லை.

இராமர் பட்டாபிஷேகக் காட்சியையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் 1818 என்னும் ஆண்டையும் ஒருசேரத் தாங்கிய செப்புக்காசுகள் இவற்றினும் வேறானவை. அவற்றுக்கு மூலமே கிடையாது. கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதேயில்லை என்பதால், அவை போலி நாணயம் என்றுகூட அழைக்கப்படத் தகுதியற்ற கற்பனைப் பண்டங்கள். அரிசியை இழுக்கும் சக்தி அவற்றுக்கு உண்டு என்று சொல்லிப் பல இலட்சம் பறிக்கும் ‘ரைஸ் புல்லிங்’ மோசடியோடு அவை பின்னிக் கிடக்கின்றன. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களை இலட்சங்களுக்கு வாங்குவதாக வரும் விளம்பரங்களும் இதே இனத்தைச் சேர்ந்தவை. பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

திருப்பி அனுப்புவதைப் பற்றிச் சட்டம் சொல்வது பெரும்பாலான விற்பனையாளர் நினைப்பதைவிடத் தெளிவானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள், பொருள் குறைபாடுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்ன இயல்புகளுக்குப் பொருந்தாததாகவோ இருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. ஆகவே, ‘விற்ற காசு திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்று அறிவிப்பின் அடியில் எழுதிவைப்பது, காசு போலியென்று தெரியவரும்போது விற்பவரைக் காப்பாற்றாது. குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ அல்லாமல் தம் சொந்தச் சேகரிப்பிலிருந்து எப்போதாவது விற்கும் தனிமனிதருக்கு அவ்விதிகள் பொருந்தா. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், தொலைவிலிருந்து வாங்கியவர் காரணமே சொல்லாமல் 14 நாள்களுக்குள் மனம் மாறிக்கொள்ளலாம் என்பது பொதுவிதி. இந்திய விதிகளில் அத்தகைய பொதுவுரிமை இல்லாததால், மனமாற்றத்துக்கு இடங்கொடுப்பதா என்பது விற்பவரின் அறிவிப்பைப் பொறுத்தது. இணையச் சந்தையான ஈபேயின் இந்தியத் தளமும் 2018இல் மூடப்பட்டுவிட்டது. வாட்ஸாப் குழு ஏலங்களில் நடக்கும் விற்பனைக்கு நடுவில் நின்று பணத்தைப் பிடித்துவைக்கும் தளம் எதுவும் கிடையாது. அங்கே விற்பவர் எழுதிவைக்கும் நிபந்தனைகளே எல்லாம்.

அந்நிபந்தனைகளில் மூன்று காரணங்களைத் தனித்தனியே பிரித்து எழுதுவது இன்றியமையாதது. காசு போலி என்றால், அதற்குக் கால எல்லையே இருக்கக் கூடாது. வாங்கியவர் அதை ஐந்தாண்டு கழித்து வேறொருவரிடம் காட்டும்போதுதான் உண்மையை அறியக்கூடும். காலம் கடந்ததால் போலி மெய்யாகிவிடாது. விவரிப்புக்கும் காசுக்கும் பொருத்தமில்லை என்றால், ஏழு முதல் பதினான்கு நாள் போதுமானது. அனுப்பும் செலவும் திருப்பும் செலவும் விற்பவருடையவை. மனம் மாறியது மட்டுமே காரணமென்றால், சில நாள்கள் அவகாசம் தந்து, அஞ்சல் செலவை வாங்கியவர் ஏற்கும்படி செய்வது நியாயம். இம்மூன்றாவது வகையில் விற்பவர் அஞ்ச வேண்டியது வெள்ளியின் விலை. விலை ஏறினால் காசை வைத்துக்கொண்டு, இறங்கினால் திருப்பிவிடும் எண்ணத்தோடு தேய்ந்த ரூபாய்களை மொத்தமாக வாங்குவோர் உண்டு. வெள்ளியின் எடைக்காக மட்டுமே விற்கப்படும் காசுகளுக்கு மனமாற்ற அவகாசம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் எவருக்கும் அநீதி நேராது.

விற்பவர் உள்ளூர அஞ்சுவது வேறொன்றுக்கு: நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டின் தேய்ந்த காசைத் திருப்பி அனுப்பும் மாற்றுவேலைக்கு. இது வாங்குவோர் மீது கொள்ளும் வீண் ஐயம் அன்று. காசுகளின் தரத்தை அளக்க உலகுக்கே அளவுகோல் தந்த அதே ஷெல்டன், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்த சிறந்த செப்புச் சதங்களை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தரங்குறைந்த தம் சதங்களை அவ்விடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் 1977இல் மறைந்த பின்னரே அம்பலமாயிற்று. அவற்றில் ஒரு பகுதி யாருக்குச் சொந்தம் என்று எழுந்த வழக்கில் கலிபோர்னிய நீதிமன்றம் இறுதியில் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அறிஞர் நிறைந்த ஓர் அரும்பொருள் தொகுப்பிலேயே நடந்தது அஞ்சல் பொதியில் நடக்காது என்று சொல்வதற்கில்லை.

இதற்கு மாற்று, ஐயமன்று, பதிவு. ஒவ்வொரு காசும் தன் கீறல்களாலும் விளிம்புக் குழிகளாலும், அச்சிலேயே விழுந்த விரிசலின் தடத்தாலும், கறுத்த இடங்களின் வடிவத்தாலும் மனிதரின் கைரேகைபோலத் தனித்து அடையாளம் காணத்தக்கது. முகப்பு, பின்பக்கம், விளிம்பு ஆகிய மூன்றையும் நேரொளியிலும் சாய்வொளியிலும் பெரிதாகப் படமெடுத்து, எடையைக் கிராமின் நூறில் ஒரு பங்கு வரை குறித்துவைத்தால், திரும்பி வந்த காசை அப்படத்தோடு ஒப்பிடச் சில நிமிடங்களே ஆகும். இதே படங்கள் அறிவிப்பிலும் இடம்பெற்றால், ஏமாற்றம் அடைந்திருக்கக்கூடியவர் முதலிலேயே வாங்காமல் விலகிக்கொள்வார். காசு திரும்பி வருவதைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. காசைச் செருகிய சிறு உறையின் வாயில், பிரித்தால் கிழியும் ஒட்டுவில்லையை ஒட்டி, அது கிழியாமல் வந்தால் மட்டுமே மனமாற்றத்தால் திருப்புவது ஏற்கப்படும் என்று சொல்லலாம். உறை வழியாகவே இருபுறமும் பார்க்க முடியும் என்பதால் வாங்கியவரின் ஆய்வுக்கு இது தடையாகாது. அவ்வுறை பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்காக மட்டும் இருக்கக் கூடாது. அதிலிருந்து கசியும் பொருள் சில ஆண்டுகளில் காசின்மேல் பச்சைப் பிசுக்காகப் படிந்து உலோகத்தை அரித்துவிடும். பொதி கட்டுவதையும் வாங்கியவர் பிரிப்பதையும் இடைவெட்டில்லாமல் காணொளியாக எடுப்பது இரு தரப்பையும் காக்கிறது. ஆனால், காணொளி இல்லையென்ற ஒரே காரணத்தால் போலிக்காசைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையாகாது.

காசு திரும்பி வந்து, அதே காசுதான் என்று தெளிந்துவிட்டால், பணத்தை அன்றோ மறுநாளோ அனுப்பிவிட வேண்டும். வரி செலுத்தும் வணிகராயின் அவ்விற்பனைக்கு வரவுக் குறிப்பு எழுதி ஜி.எஸ்.டி. கணக்கைச் சரிசெய்ய வேண்டும். வேறு காசு வந்திருந்தால், சினந்து எழுதுவதற்கு முன் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து வாங்கியவருக்கு அனுப்புவது நன்று. பல காசுகளை ஒரே நேரத்தில் வாங்கிய சேகரிப்பாளர் உறை மாற்றி அனுப்பிவிடுவதும் நடப்பதே.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்க எண்ணுவோர், திருப்பி அனுப்புவதைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன் அனுப்பவே கூடுமா என்பதை அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள் ஆகும். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம், உள்நாட்டில் அதை வணிகமாகச் செய்யவும் உரிமம் தேவை. பன்றி ரூபாய் 2011இலேயே இவ்வரம்புக்குள் வந்துவிட்டது. ஆண்டுதோறும் ஐந்தாம் ஜார்ஜின் காசுகள் ஒவ்வோர் ஆண்டாக அதனுள் நுழைகின்றன. கரூரின் அமராவதி ஆற்றுமணலிலும் பிற இடங்களிலும் பூமிக்கடியில் கிடைக்கும் பழங்காசுகள், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளவையாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியவை. அவை இணையச் சந்தைக்கு வருவது தமிழக வரலாற்றின் சான்றுகள் கிடைத்த இடத்தின் சுவடே இல்லாமல் சிதறிப்போவதாகும். அத்தகைய காசை எந்த வணிகரும் வாங்கி விற்கலாகாது.

போலியென்று மெய்ப்பிக்கப்பட்டுத் திரும்பிவந்த காசை என்ன செய்வது என்பது கடைசியாக எஞ்சும் கேள்வி. தாமும் ஒருவரிடம் நம்பி வாங்கியதே என்னும் எண்ணத்தில், வேறொரு தளத்தில் விவரிப்பைச் சற்றுச் சுருக்கி அதையே மீண்டும் விற்றுவிடும் வணிகர் இருக்கின்றனர். பொறுப்புள்ள வணிகர் அதைத் தமக்கு விற்றவரிடம் ஆதாரத்தோடு திருப்ப முயல்வார். அது இயலாதபோது, உறையின்மேல் போலி என்று அழியாத மையில் எழுதி, எடையையும் நீரில் காட்டிய அளவையும் எண் செதுக்கப்பட்ட விதத்தையும் குறித்து, மெய்க்காசு ஒன்றின் அருகில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை 1939 என்று யாரேனும் ஒரு ரூபாயைக் கொண்டுவரும்போது, கண்ணாடியை எடுப்பதற்கு முன் அவர் எடுத்துப் பார்ப்பது அவ்வுறையைத்தான்.